சுற்று ரயிலில் போன கடிகாரம்

ரங்கூன் ரயில் நிலையத்தில் காலையில் ஏறினால் மூன்று மணி நேரம் கழித்து அதே நிலையத்தில் வந்து இறங்கலாம். பர்மியில் ‘மியோபத் யத்தா’ என்பார்கள், ஊரைச் சுற்றும் ரயில் என்று பொருள். எங்கள் வீட்டில் சுற்று ரயில். கிட்டத்தட்ட 46 கிலோமீட்டர், 39 நிலையங்கள். எனக்கு ஏழெட்டு வயதாக இருந்தபோது அப்பா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது என்னை அதில் கூட்டிப் போவார். எந்த வேலையும் இருக்காது, சும்மா ஒரு சுற்று. ஏறுவதற்கு முன் தன் சீக்கோ கைக்கடிகாரத்தை நிலையத்துக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துத் திருகி வைப்பார். இறங்கியதும் மறுபடி ஒத்துப் பார்ப்பார். “சரியா இருக்கும்மா” என்பார். பிறகு டீக்கடை, அப்புறம் வீடு.

அது அச்சுப் பிசகாமல் சரியாக இருந்திருக்க முடியாது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. ஓடுகிற கடிகாரம் நிற்கிற கடிகாரத்தைவிடப் பின்தங்கும். எவ்வளவு பின்தங்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு இடத்தை நான் நெடுநாள் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். படித்தவர்கள் பலரும் அதே தப்பைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற நாட்களில் வீட்டில் கணக்கும் இயற்பியலும் டியூஷன். இரண்டுக்கும் வருகிற ஒரு பையன் போன மாதம் கேட்டான்:

“சயாமா, ஒரே வேகத்தில நேரா போற ரயில்ல கடிகாரம் மெதுவா ஓடும்னு சொன்னீங்க. நம்ம சுற்று ரயில் நேராவும் போகாது, ஒரே வேகத்திலயும் போகாது. நிக்கும், கிளம்பும், வளையும். அதுக்கு வேற கணக்கா?”

இங்கே ஆசிரியரைச் சயா என்போம், பெண்ணாக இருந்தால் சயாமா. அவன் கேட்டதும் எனக்கு என் பழைய நோட்டுப் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. கல்லூரியில் எங்களுக்கு இதை நடத்தியவர், ஓடுகிற கடிகாரத்தின் கணக்கைச் சொல்லும் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் சீரான வேகத்துக்கு மட்டும்தான், முடுக்கம் (வேகமோ திசையோ மாறுவது) வந்துவிட்டால் ஈர்ப்பையும் சேர்த்துக்கொள்ளும் அவருடைய பொதுச் சார்பியலுக்குப் போக வேண்டும், அது உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டார். நான் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். 1996 டிசம்பரில் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். மறுபடி ஒழுங்காக வகுப்பு நடக்க 2000 ஆனது. அந்த வருஷங்களில் பான்சோடான் தெரு நடைபாதைக் கடைகளில் அட்டை இல்லாத பழைய புத்தகங்களை வாங்கி வந்து வீட்டில் படிப்பேன். அப்படி வாங்கிய ஒன்றில்தான் என் சிவப்பு அடிக்கோடு தப்பு என்று கண்டேன். ஒரு நாள் முழுக்க எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. இவ்வளவு எளிய விஷயத்தை ஏன் எங்களிடமிருந்து ஒளித்து வைத்தார்கள் என்று இருந்தது.

விஷயம் இதுதான். ஓடும் பொருளை அந்தந்தக் கணத்தில் பாருங்கள். அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன என்பது மட்டுமே, அதன் கடிகாரம் எந்த வீதத்தில் ஓடுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. வேகம் கூடிக்கொண்டிருக்கிறதா, குறைந்துகொண்டிருக்கிறதா, திசை திரும்புகிறதா என்று கடிகாரம் தனியாகக் கணக்கு வைப்பதில்லை. மளிகைக் கடைச் சீட்டு மாதிரி கணத்துக்குக் கணம் எழுதி, கடைசியில் மொத்தத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். முடுக்கத்துக்கென்று ஒரு வரி அந்தச் சீட்டில் கிடையாது.

இதை முதலில் செய்தவர் ஐன்ஸ்டைனேதான், அதுவும் 1905ல், சார்பியல் பற்றிய முதல் கட்டுரையிலேயே. ஒரு கடிகாரம் நேர்கோட்டில் போய், திரும்பி இன்னொரு நேர்கோட்டில் போய், இப்படிப் பல பக்கங்கள் கொண்ட பாதையில் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் பின்தங்கியிருக்கும் என்று காட்டுகிறார். பிறகு, பல பக்கங்களுக்கு உண்மையானது வளைகோட்டுக்கும் உண்மை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறார். அந்த ‘வைத்துக்கொண்டு’ முக்கியம். அது கணக்கிலிருந்து தானாக வந்து விழுவதில்லை, கடிகாரங்களைப் பற்றிய ஓர் அனுமானம். ஆகவே அதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதித்தார்கள். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1970களில் 14 மீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்தில் மியூவான் துகள்களைச் சுற்றவிட்டார்கள். மியூவான் எலெக்ட்ரானின் தடித்த உறவுக்காரன் மாதிரி. சும்மா இருந்தால் சராசரியாக 2.2 மைக்ரோ நொடியில் (மைக்ரோ நொடி என்றால் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சிதைந்துபோகும். சிதைவதே அதன் கடிகாரம். அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தில் 99.94 சதவீதம். காலநீட்சி, அதாவது ஓடுகிற கடிகாரம் மெதுவாவது, என்று ஒன்று இல்லாவிட்டால் 44 மீட்டர் சுற்றளவுள்ள அந்த வளையத்தில் சராசரியாக 15 சுற்று வந்து முடிந்திருக்கும். ஆனால் அவை சராசரியாக 64 மைக்ரோ நொடி வாழ்ந்தன. ஏறத்தாழ 440 சுற்று.

அந்தத் துகள்கள் ஒரு கணம்கூட நேராகப் போகவில்லை. முழு நேரமும் வளைந்துகொண்டே இருந்தன. அவை உணர்ந்த முடுக்கம் பூமி ஈர்ப்பால் நமக்கு வருவதைப் போல எத்தனை மடங்கு தெரியுமா? 1 போட்டு அதன் பின்னால் 18 பூஜ்யம். அப்படிப்பட்ட உலுக்கலிலும், வேகத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு சொன்ன 29.3 மடங்கு நீட்சியும், அளந்து வந்த நீட்சியும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குள் ஒத்துப்போயின. முடிவு 1977ல் வெளியானது. முடுக்கத்துக்கென்று தனியாக ஏதாவது விளைவு இருந்திருந்தால், இத்தனை பெரிய முடுக்கத்தில் அது வெளியே வராமல் இருந்திருக்காது.

இன்னொன்று எனக்கு இதைவிடவும் பிடிக்கும். 1960ல் கேம்பிரிட்ஜில் 20 வயது மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன், இரும்பைச் சூடாக்கினால் அதன் அணுக்கருக்கள் வெளியிடும் கதிரின் அதிர்வெண் கொஞ்சம் குறைய வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். சூடான இரும்பில் அணுக்கள் வேகமாக அதிர்கின்றன, ஓடுகிற கடிகாரம் பின்தங்குகிறது, அதனால். அணு முன்னும் பின்னும் துடிக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் அதன் முடுக்கம் பிரம்மாண்டமானது. ஆனாலும் விளைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே வருகிறது. அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லின் இரும்பு, ஆறிய கல்லின் இரும்பைவிட ஒரு துளி மெதுவாக மூப்படைகிறது. தோசை ஊற்றும்போது சில நாள் இதை நினைத்துக்கொள்வேன்.

சரி, நம் ரயிலுக்கு வருவோம்.

46 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் கடப்பது என்றால் சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர், நொடிக்கு 4.25 மீட்டர். ஒளி நொடிக்கு 30 கோடி மீட்டர் போகும். முன்னதைப் பின்னதால் வகுத்து, வர்க்கமாக்கி, பாதியாக்கினால் கடிகாரம் பின்தங்கும் வீதம் கிடைக்கும். அதை 10,800 நொடியால் பெருக்கினால் வருவது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, கொஞ்சம் தூக்கலாக. ஒரு பிக்கோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே 0.3 மில்லிமீட்டர்தான் நகரும். ரயில் இந்தப் பக்கமாகச் சுற்றுகிறதா அந்தப் பக்கமாகவா என்பதைப் பொறுத்து, பூமியின் சுழற்சியால் ஒரு சின்ன மாற்றம் உண்டு. அது இந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, விட்டுவிடலாம்.

ஆனால் இது ரயில் நிற்காமல் ஒரே வேகத்தில் போனால் வரும் தொகை. பையன் கேட்டது நின்று நின்று போகிற ரயிலைப் பற்றி. பாதி நேரம் நிலையங்களில் நிற்கிறது, மீதிப் பாதி நேரம் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரமும் அதுதான், மொத்த நேரமும் அதுதான். நிற்கும்போது சீட்டில் பூஜ்யம். ஓடும்போது வேகம் இரண்டு மடங்கு, வர்க்கம் நாலு மடங்கு, நேரம் பாதி. ஆக மொத்தம் இரண்டு மடங்கு. ஒன்றுக்குப் பதில் இரண்டு பிக்கோ நொடி. நின்று கிளம்பும் ரயிலில் கடிகாரம் கூடுதலாகப் பின்தங்குவது உண்மைதான். ஆனால் அது கிளம்பும்போது முதுகில் விழும் தள்ளலால் வருவதில்லை. நின்ற நேரத்தை ஈடுகட்ட மற்ற நேரத்தில் வேகமாக ஓடியதால் வருகிறது. பையன் இதை நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, “அப்ப டிரைவர் பிரேக்கை மெதுவாப் போட்டாலும் படீர்னு போட்டாலும் ஒண்ணுதானா?” என்றான். படீர் என்று போடுவதும் மெல்லப் போடுவதும் எந்தெந்த வேகத்தில் எத்தனை நொடி இருந்தோம் என்பதைக் கொஞ்சம் மாற்றும், அந்த அளவுக்குத்தான் கணக்கில் வரும் என்றேன். உலுக்கலில் கடிகாரத்தின் பல் சக்கரம் கெட்டுப்போனால் அது கடிகாரக் கடைக்காரர் விஷயம்.

இங்கே ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது. முடுக்கத்துக்குக் கணக்கில் இடமே இல்லை என்றால், இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் விண்வெளிக்குப் போய்த் திரும்பி வந்து இளமையாக இருக்கும் கதையில், திரும்பியவன்தான் இளையவன் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? முடுக்கம் அனுபவித்தவன் அவன் என்பதால்தானே?

நகரத்துத் தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். ரங்கூன் நடுநகரம் கட்டம் கட்டமாகப் போட்டது. சூலே பகோடாவிலிருந்து மகா பந்துலா சாலை வழியாக மேற்கே நேராக நடக்கலாம். அல்லது முதலில் தெற்கே ஆற்றங்கரைச் சாலைக்கு இறங்கி, மேற்கே போய், மறுபடி வடக்கே ஏறி அதே இடத்தை அடையலாம். இரண்டாவது வழி நீளம். அந்த வழியில் மூலைகள் உண்டு, மூலை இல்லாமல் அந்த வழியே இல்லை. ஆனால் கூடுதல் நடை மூலையில் இல்லை. மூலையில் காலைத் திருப்புகிறோம், அவ்வளவுதான். கூடுதல் நடை மூலைகளுக்கு நடுவே உள்ள தெருக்களில் இருக்கிறது. இடமும் காலமும் சேர்ந்த காலவெளியிலும் அப்படியே, ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே வளைந்த வழியில் போகிறவருக்குத்தான் நேரம் குறைவு. நேர்வழியில், அதாவது எந்தத் தள்ளலும் இல்லாமல், இருந்தவருக்கு நேரம் அதிகம். முடுக்கம் என்பது எந்த வழியில் மூலை இருக்கிறது என்று காட்டும் அடையாளம். நேரத்தை அது தின்பதில்லை.

நம்பிக்கை வராதவர்களுக்கு மூலையே இல்லாமலும் செய்து காட்டலாம். மண்டலேக்குப் போகும் ரயில் ஒன்று நிற்காமல் ஒரு நடைமேடையைக் கடக்கிறது. கடக்கும் கணத்தில் பயணி நடைமேடைக் கடிகாரத்தைப் பார்த்துத் தன்னுடையதைச் சரிசெய்துகொள்கிறார். வழியில் எதிரே மண்டலேயிலிருந்து வரும் ரயில், அதுவும் நிற்காமல். இருவரும் எதிரெதிர் சன்னலில் வரும் கணத்தில் இவர் தன் கடிகாரத்தில் என்ன மணி என்று கத்திச் சொல்ல, அவர் தன் கடிகாரத்தை அதற்கு வைத்துக்கொள்கிறார். அவருடைய ரயில் நடைமேடையைக் கடக்கும்போது பார்த்தால் அவர் கடிகாரம் நடைமேடைக் கடிகாரத்தைவிடப் பின்தங்கியிருக்கும். மூன்று கடிகாரத்தில் எதுவும் முடுக்கப்படவில்லை. ஆனாலும் இரட்டையர் கதையில் வரும் அதே பின்தங்கல்.

முடுக்கம் நேரத்தைத் தின்பதில்லை என்பதற்கு இதைவிட அழகான சாட்சி ராக்கெட்டில் இருக்கிறது. உள்ளே இருப்பவருக்குப் பூமியில் நிற்பது போலவே எடை தெரியும்படி, மாறாத ஒரே முடுக்கத்தில் ஒரு ராக்கெட் போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே இருப்பவர் கணக்கில் முதல் வருஷம் முடியும்போது ஒளியின் வேகத்தில் 77 சதவீதம் வந்திருக்கும். பூமியில் அதற்குள் 1.19 வருஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஆனால் பூமியில் 3.75. ஐந்து வருஷம் ஆனால் 84. பன்னிரண்டு வருஷம் ஆனால் பூமியில் 1,13,000 வருஷம் ஓடிப்போயிருக்கும். உள்ளே இருப்பவரின் கால் தரையை அழுத்தும் அழுத்தம் முதல் நாளும் பன்னிரண்டாம் வருஷமும் ஒன்றே. முடுக்கம்தான் கடிகாரத்தை மெதுவாக்குகிறது என்றால் முதல் நாளும் கடைசி நாளும் ஒரே அளவு மெதுவாகியிருக்க வேண்டுமே. வேகம் ஏற ஏறத்தான் இடைவெளி விரிகிறது. பாதி வழி முடுக்கி, மீதி வழி அதே அளவு வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனால், நம் பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமாவுக்குக் கப்பல் கணக்கில் மூன்றரை வருஷம், பூமிக் கணக்கில் ஏறத்தாழ ஆறு வருஷம். எரிபொருள் எங்கிருந்து வரும் என்பது வேறு துக்கம்.

இதையெல்லாம் போட்டுப் பார்க்கப் பொதுச் சார்பியல் தேவையே இல்லை. கல்லூரி முதல் வருஷக் கணிதம் போதும். எங்கள் வகுப்பில் அரை மணி நேரத்தில் நடத்தி முடித்திருக்கலாம்.

முடுக்கம் தனியாகச் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அது ஒரு கடிகாரத்துக்குச் செய்வதில்லை, இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே செய்வது. அதே ராக்கெட்டின் அடியில் ஒரு கடிகாரம், நுனியில் ஒரு கடிகாரம். அடியிலிருந்து ஒவ்வொரு நொடியும் ஒரு ஒளித் துடிப்பு மேலே அனுப்புகிறோம். ஒளி மேலே போய்ச் சேருவதற்குள் நுனி இன்னும் கொஞ்சம் வேகம் எடுத்து விலகிப் போயிருக்கும். ஆகவே துடிப்புகள் நொடியைவிடக் கொஞ்சம் அதிக இடைவெளியில்தான் நுனிக்கு வந்து சேரும். நுனியில் இருப்பவர் பார்த்தால் அடிக் கடிகாரம் மெதுவாக ஓடும். ஷ்வேடகோன் பகோடா உயரம், அதாவது ஏறத்தாழ 99 மீட்டர் ராக்கெட் என்றால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு நானோ நொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) வித்தியாசம்.

1907ல் ஐன்ஸ்டைன் இங்கிருந்துதான் தாவினார். முடுக்கும் ராக்கெட்டில் நடப்பது பூமியில் சும்மா நிற்பவருக்கும் நடக்க வேண்டும். அப்படியானால் நிஜமான ஷ்வேடகோனின் உச்சியில் வைத்த கடிகாரமும் அடிவாரத்துக் கடிகாரத்தைவிட நாளுக்கு அதே ஒரு நானோ நொடி முந்தி ஓடும். 2010ல் அமெரிக்காவில் கொலராடோவில் உயரத்தால் முந்துவது, வேகத்தால் பின்தங்குவது இரண்டையுமே மேசைமேல் வைத்து அளந்துவிட்டார்கள். ஒற்றை அலுமினிய அயனியை (மின்னேற்றம் பெற்ற அணுவை) கொண்ட கடிகாரங்கள். ஒன்றை வெறும் 33 சென்டிமீட்டர் உயர்த்தியதும் அது முந்தி ஓடுவது தெரிந்தது. அயனியை நொடிக்கு 10 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் முன்னும் பின்னும் ஆட்டியதும் அது பின்தங்குவது தெரிந்தது. நொடிக்கு 10 மீட்டர் என்பது மணிக்கு 36 கிலோமீட்டர். நம் சுற்று ரயில் ஓடும் வேகம்தான்.

இவ்வளவும் சொல்லி முடித்த அடுத்த ஞாயிறு, வகுப்பு இல்லாத நாள், பையனையும் அவன் தங்கையையும் கூட்டிக்கொண்டு சுற்று ரயில் ஏறினேன். அவன் நோட்டைக் கொண்டுவந்திருந்தான். இன்செய்ன் தாண்டி, டன்யிங்கோனில் சந்தைக் கீரைக்கட்டுகளும் வாழைத்தார்களும் ஏறி, கால் வைக்க இடம் இல்லாமல் ஆனபோது அவன் ஒரு கணக்கில் மூழ்கியிருந்தான்.

“சயாமா, வேகத்தால பின்தங்குறதும் உயரத்தால முந்துறதும் அடிபட்டுப் போக எவ்வளவு உயரம் வேணும்னு போட்டேன். 92 சென்டிமீட்டர்தான் வருது. நின்னு நின்னு போறதுக்குப் போட்டா 1.84 மீட்டர்.”

நான் சரிபார்த்தேன். சரிதான். ஒரு ஆள் உயரம். தலைக்கு மேலே சாமான் வைக்கும் பலகையைக் காட்டி, அங்கே வைத்தால் சமமாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். பூமிப் பந்தும் இதே வேலையைச் செய்கிறது என்பதும் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பூமத்திய ரேகையில் உள்ள கடிகாரம் துருவத்தில் உள்ளதைவிட மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் 1905ல் எழுதினார். ஆனால் அதே சுழற்சிதான் பூமியின் நடுவைத் துருவத்தைவிட 21 கிலோமீட்டர் புடைக்க வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து அடிபட்டு, கடல் மட்டத்தில் உள்ள கடிகாரங்கள் எல்லாம் ஒரே வீதத்தில் ஓடுகின்றன.

அதற்குள் அவன் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ரயில் மிங்கலாடோன் பக்கம் வந்திருந்தது.

“ஏர்போர்ட் எவ்வளவு உயரத்தில இருக்கு சயாமா?”

“கடல் மட்டத்துக்கு மேல 33 மீட்டர்.”

“நாம ஏறின ஸ்டேஷன்?”

ஆற்றங்கரை நகரம். பெரிய மழைக்கே தெருவில் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த பூமி. இத்தனை வருஷம் இந்த ரயிலைச் சமதளத்தில் வரைந்த வட்டமாகவே வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று மணி நேரத்தில் வழி சராசரியாக இரண்டு மீட்டர் மேட்டில் இருந்தாலே வேகத்தின் கணக்கு அடிபட்டுப் போகும். வடக்கே இருப்பதோ அதைவிடப் பெரிய மேடு.

“அப்ப உங்க அப்பா கடிகாரம் பின்தங்கி வரல சயாமா” என்றான். “முந்தித்தான் வந்திருக்கும்.”

அப்பாவின் சீக்கோ என் கையில்தான் இருந்தது. கழற்றி அவனிடம் கொடுத்தேன். தாம்வே தாண்டும்வரை இரண்டு பேரும் அதை மாறி மாறிக் காதில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.